வெண்ணெய்க் குழியில் வைத்த மருந்து

எங்கள் அண்ணி ஜிபார், போர்சோக்கைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்த நாளில்தான் என் அம்மா கேட்டார்: "இவ நம்ம வீட்டுக்கு வந்த மருமகளா, இல்ல சந்தையில கடை போட வேண்டியவளா?"

எண்ணெயில் பொரித்த சின்னச் சின்ன மாவுத் துண்டுகள்தான் போர்சோக். விருந்தென்றால் துணி விரித்து அதன் மேல் கூடை கூடையாகக் கொட்டுவோம். அதை எண்ணினாலே கஞ்சத்தனம் என்பார்கள். நிறுத்துப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று கேட்கவே வேண்டாம். அண்ணி கோபப்படவில்லை. பத்துப் பன்னிரண்டு துண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்து முடித்துவிட்டு, "அத்தை, எங்கம்மா சுட்டா ஒண்ணு ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும், ஒண்ணு அதோட காது மாதிரி இருக்கும். நீங்க வெட்டினது எல்லாம் ஒரே அளவு. இனிமே என் பிள்ளைங்களுக்கு உங்க கைதான் அளவு" என்றாள். அம்மா அப்புறம் சாகும்வரை போர்சோக்கை ஒரே அளவாகத்தான் வெட்டினார். யாராவது பெரிதாக வெட்டினால், "டாக்டர் வீட்டுல இப்படியெல்லாம் வெட்டக் கூடாது" என்று அதட்டவும் செய்தார்.

'என் பிள்ளைங்க' என்று அண்ணி சொன்னது அவள் பெற்ற இரண்டை அல்ல. சர்க்கரை நோயோடு வளரும் பிள்ளைகளை. எங்கள் மலையூரான நாரினிலும் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் அவளிடம்தான் வருகிறார்கள். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை வேறு, பிள்ளைகளுக்கு வருவது வேறு. பிள்ளைகளுக்கு வந்தால் மாத்திரை கிடையாது, பத்தியம் கிடையாது, தினமும் இன்சுலின் ஊசி. ஊசி இல்லாவிட்டால் பிள்ளை இல்லை. இதை அவள் எங்கள் ஊரில் எத்தனை வாசல்களில் நின்று சொல்லியிருப்பாள் என்று எனக்கே தெரியாது.

அவள் ஆரம்பத்தில் சாதாரணக் குழந்தை டாக்டர். சளி, காய்ச்சல், அம்மை என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வசந்த காலத்தில், வாந்தி எடுக்கிறான், வயிற்றில் ஏதோ விஷம் என்று ஒரு சிறுவனை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்று வழியில் யாருக்கும் தோன்றவில்லை. அண்ணிக்குத் தோன்றியபோது நேரம் கடந்துவிட்டது. அந்தக் கோடையிலேயே இரண்டு குழந்தைகளையும் என்னிடம் விட்டுவிட்டு, மேலே படிக்கத் தலைநகருக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவளுடைய சின்னவன் என்னை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "பரவால்ல, ரெண்டு அம்மா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள். நான் அன்று அவள்மேல் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தேன். இப்போது இல்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்தது, உடைந்த கட்டில்களைப் போட்டுவைத்திருந்த அறை. கட்டில்களை வெளியே தள்ளிவிட்டு, தரையில் மெத்தைகளைப் போட்டு, நடுவே எங்கள் வீட்டு விருந்துத் துணியை விரித்தாள். வியாழக்கிழமைதோறும் பிள்ளைகள் அதைச் சுற்றி உட்காருவார்கள். எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு மருந்து என்பது அங்கே முதல் பாடம். இரண்டாவது பாடம், வேண்டாம் என்று சொல்வது. எங்கள் ஊரில் ஊசியைவிட அதுதான் வலிக்கும். வீட்டுக்கு வந்தவர் வேண்டாம் என்றால் வைத்தவர் முகம் சுருங்கிவிடும். அதனால் அண்ணி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, விருந்து வைக்கும் பெரியம்மாவாக மாறுவாள்.

"எடுத்துக்கடா கண்ணு. ஒண்ணே ஒண்ணு. என் கையால செஞ்சதை வேண்டாம்பியா? உங்கம்மா இப்படித்தான் வளத்திருக்காளா?"

"எனக்குச் சர்க்கரை நோய் இருக்கு பெரியம்மா" என்றான் ஒருவன், பாடம் ஒப்பிப்பதுபோல.

"ஐயோ, இந்த வயசுலயா. சர்க்கரை வேண்டாம்னா விடு, இந்தா தேன். தேன் ஒண்ணும் பண்ணாது."

அறை முழுக்கச் சிரிப்பு. ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் அந்தப் பெரியம்மா உண்டு.

பெகிமாய் என்ற பெண்ணின் முறை வந்தது. ஆட்டு மந்தை வைத்திருக்கும் ஜுமாதிலின் மகள். பன்னிரண்டு வயதில் நோய் வந்து, அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் ரொட்டியில் நகத்தளவு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "ரொட்டியைத் தொட்டுட்டேன் பெரியம்மா, மரியாதை ஆச்சு. மிச்சத்தைத் துணியில கட்டிக் குடுங்க. வீட்டுல எங்கண்ணன் இருக்கான், ஓநாய் மாதிரி திம்பான்."

அண்ணி முக்காட்டை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து எங்களிடம் அதை இரண்டு தடவை நடித்துக் காட்டினாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்சுலின் உறைந்தால் செத்துவிடும். பார்வைக்கு அப்படியே இருக்கும், உடம்பில் ஏறினால் வேலை செய்யாது. எங்கள் குளிர்காலத்தில் பள்ளிக்கூடப் பையில் வைத்த ஆப்பிளே கல்லாகிவிடும். அதனால் அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பளித் துணியில் முக்கோணமாக ஒரு பை, கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொள்ள. அப்போது போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் பேனா, அதாவது பேனா வடிவ ஊசி, அதற்குள். உடம்புச் சூடு அதைக் காப்பாற்றும். பார்க்கத் தாயத்துபோல இருப்பதால் பிள்ளைகளுக்கு வெட்கமும் இல்லை. தைப்பவள் நான். "படிச்ச டாக்டர் தாயத்துக் கட்ட ஆரம்பிச்சுட்டாங்களாமே?" என்று சந்தையில் என்னிடம் கேட்பார்கள். "ஆமா, உங்க வாய்க்கும் ஒண்ணு தெச்சுத் தரவா?" என்பேன்.

அண்ணியின் கட்டளை ஒன்றுதான்: இருக்கிற மருந்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே. சேமிப்பு வீட்டில், ஒன்று எப்போதும் மார்போடு.

பெகிமாய்க்கு நோய் வந்த பிறகு வந்த முதல் கோடையில், அவள் வீட்டார் மலைமேய்ச்சலுக்குப் போனபோது அவளை ஊரில் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். மந்தையோடு மேலே போய்க் கம்பளிக் கூடாரத்தில் மூன்று மாதம் இருப்பதுதான் அந்தக் குடும்பத்தின் வருஷம். மற்ற மாதங்களெல்லாம் அதற்குக் காத்திருப்பது. அந்தப் பெண் அத்தை வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து மலையைப் பார்த்தபடியே கோடையைக் கழித்தாள். செப்டம்பரில் கீழே இறங்கிய அப்பாவோடு பேச மறுத்துவிட்டாள்.

அடுத்த வருஷம் ஜூனில், கிளம்புவதற்கு முன் ஜுமாதிலும் அவர் மனைவி குல்பாராவும் பெகிமாயைக் கூட்டிக்கொண்டு அண்ணியின் அறைக்கு வந்தார்கள். தைத்த பைகளைக் கொடுக்க நானும் போயிருந்தேன். வெளியே வராந்தாவில் இன்னும் நாலைந்து பெற்றோர். கதவு திறந்தே இருந்தது.

"ஊருலயே இருக்கட்டும் அக்கா" என்றார் ஜுமாதில். "ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளி. எனக்கும் தூக்கம் வரும்."

"உங்களுக்குத் தூக்கம் வரும். அவளுக்கு?"

"மேல ஏதாவது ஆச்சுன்னா நான் எங்க ஓடுவேன்?"

"கூட்டிட்டுப் போங்க ஜுமாதில். அவளுக்கு எல்லாம் தெரியும். ஏதாவது ஆச்சுன்னா என் பேரைச் சொல்லுங்க."

ஜுமாதில் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார். "சரி. ஆனா ஒரு தடவை. ஒரே ஒரு தடவை பயப்படற மாதிரி ஏதாவது ஆனாலும், அன்னைக்கே கூடாரத்தைப் பிரிச்சிடுவேன். அப்புறம் அவ படிப்பு முடியறவரைக்கும் மலையை மறந்துட வேண்டியதுதான்."

பெகிமாய் அண்ணியைப் பார்த்தாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெண்ணுக்கு மலையில் ஒன்று ஆனால், அவர்களில் ஒருவர்கூடத் தங்கள் பிள்ளையை வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். அது அண்ணிக்கும் தெரியும். குல்பாராவின் கையில் மூன்று மாத மருந்தைக் கொடுத்து, "வெயில்ல வைக்காதீங்க, குளிர்ச்சியா வைங்க" என்றாள். குல்பாரா அதைத் தங்கத்தைப்போல வாங்கிக்கொண்டார்.

ஜூலை நடுவில் ஒரு நாள் காலை நானும் அண்ணியும் மந்தி என்கிற கறிக் கொழுக்கட்டை செய்துகொண்டிருந்தோம். அவள் மாவைத் தேய்க்க, நான் கறியை உள்ளே வைத்து மடித்துக்கொண்டிருந்தேன். போன் மணி அடித்தது. கையெல்லாம் மாவு. அண்ணி முழங்கையால் போனைத் தட்டி, சத்தமாகக் கேட்கும்படி பலகையிலேயே வைத்தாள்.

"அக்கா, நான் பிரிக்கறேன்."

"யாரு, ஜுமாதிலா? என்னத்தைப் பிரிக்கறீங்க?"

"கூடாரத்தைத்தான். நேத்துலேருந்து சர்க்கரை ஏறிக்கிட்டே போச்சு. ஊசி போட்டும் இறங்கல. குடம் குடமா தண்ணி குடிச்சா. நீங்கதான் சொன்னீங்க, தெரியும்னு. என்ன தெரியும்? ஊசி போட்டா இறங்கணும்னுதானே எனக்குத் தெரியும்?" பின்னால் காற்று இரைந்தது. மேலே போன் கிடைப்பது ஒரே ஒரு மேட்டில்தான்.

"வாந்தி எடுத்தாளா?"

"இல்ல."

"இப்ப எங்க இருக்கா?"

"இங்கதான். குதிரைமேல."

"குதிரைமேலயா?" அண்ணி என்னைப் பார்த்தாள். "அவகிட்டக் குடுங்க."

"அக்கா" என்றது பெகிமாயின் குரல். மூச்சு வாங்கவில்லை, அழவில்லை. "சர்க்கரை இப்ப பதினொண்ணு. விடியக்காலைல இருபத்திரெண்டு. மூத்திரத்துல முக்கற பட்டையும் பாத்தேன். முதல்ல நிறம் மாறுச்சு, இப்ப கொறைஞ்சிருக்கு. தண்ணி குடிச்சுக்கிட்டேதான் இருக்கேன்."

"ஊசி வேலை செய்யலன்னு அப்பா சொல்றாரே. அப்புறம் எப்படி இறங்குச்சு?"

"குழியில இருந்து எடுத்த பேனா வேலை செய்யல. கழுத்துல இருந்த பழசு வேலை செஞ்சுது."

அண்ணி மாவுக் கட்டையைக் கீழே வைத்தாள். "என்ன குழி?"

"வெண்ணெய்க் குழி அக்கா. ஊத்துக்கு மேல, பனி கரையாம கெடக்குமே, அங்க. அம்மா மருந்து எல்லாத்தையும் அதுலதான் வெச்சாங்க. குளிர்ச்சியா வைக்கச் சொன்னீங்கல்ல."

அண்ணி மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பழசுல கொஞ்சம்தான் மிச்சம் இருந்துச்சு, அதான் நேத்து சாயங்காலம் புதுப் பேனா எடுத்தேன்" என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். "போட்டேன், ஏறுச்சு. மறுபடி போட்டேன், இன்னும் ஏறுச்சு. பக்கத்துக் கூடாரத்துல ஜாம் நக்கியிருப்பேன்னு அம்மா சொல்றாங்க. நக்கல அக்கா. நக்கியிருந்தா சொல்லியிருப்பேன். போன மாசம் நக்கினப்ப சொன்னேனே. மருந்து செத்துப்போச்சுன்னு சொன்னேன், யாரும் நம்பல. மருந்து எப்படிடி சாகும், அது என்ன கோழியான்னு அண்ணன் சிரிச்சான். அதான் கழுத்துல இருந்ததைப் போட்டுப் பாத்தேன். இறங்குச்சு. அப்புறம்தான் குதிரை ஏறி வந்தோம்."

"கோடையிலயும் கழுத்துலயா போட்டிருந்தே?"

"நீங்க கழட்டச் சொல்லலியே."

அண்ணி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு டாக்டராகிவிட்டாள். அந்தப் பழைய பேனாவில் மீதி எவ்வளவு, எப்போது மறுபடி பார்க்க வேண்டும், ஒரு தடவை வாந்தி வந்தாலும் எதற்கும் காத்திருக்காமல் கீழே வர வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். கடைசியில், "அப்பாகிட்டச் சொல்லு, நான் வர்றேன், அதுவரைக்கும் பிரிக்க வேண்டாம்னு" என்றாள்.

ஜுமாதிலின் குரல் மட்டும் வந்தது: "வாங்க. பிரிச்ச கூடாரத்தைப் பாத்துட்டுப் போங்க."

என் அண்ணன் ஷாயிர் பழைய ஜீப்பைக் கிளப்பிக்கொண்டே, "மந்தி வெந்ததும் போகலாமே" என்றான். அண்ணி பார்த்த பார்வையில் வண்டி தானாகவே உருளத் தொடங்கியது. புது மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து, ஐஸ் மேலே படாதபடி நடுவே துணி சுற்றி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"குளிர்காலத்துல உறையும் உறையும்னு கத்திக்கிட்டே இருக்கேன். கோடையில கத்தணும்னு தோணல பாரு" என்றாள் பாதி வழியில்.

"நீ குளிர்ச்சின்னுதானே சொன்னே?"

"மலையில மூணு மாசம் இருக்கறவங்ககிட்டப் போய்க் குளிர்ச்சின்னா, அவங்க பனிக்கட்டியைத்தான் நினைப்பாங்க. வெண்ணெய் கெடாத எடத்தைவிட நல்ல எடம் அந்தம்மாவுக்கு எது?"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. ஜுமாதில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். கூடாரத்தின் மேல்கம்பளி இறங்கிக் கிடந்தது. உள்ளே இருந்த பெட்டிகளும் மெத்தைகளும் வளைந்த மரக் கழிகளுக்கு நடுவே வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தன. வீட்டுக்குள் இருப்பதைத் தெருவில் நின்று பார்ப்பதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது. பெகிமாயின் அண்ணனும் தம்பியும் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்கள். குல்பாரா அடுப்புக்கு அருகே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பெகிமாய் மட்டும் எதையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தன் குதிரையின் பக்கத்தில் நின்றாள்.

அண்ணி முதலில் அவள் விரலைக் குத்திப் பார்த்தாள். ஏழு, எங்கள் கருவிக் கணக்கில் நல்ல அளவு. மற்றதெல்லாம் பார்த்தாள். குழியில் இருந்த பேனா ஒன்றை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். தண்ணீராகத்தான் தெரிந்தது. அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு குல்பாராவிடம் போனாள்.

"நீங்க தப்புப் பண்ணல. நான்தான் சரியாச் சொல்லல."

"ஜாம் தின்னேன்னு புள்ளையைத் திட்டிட்டேனே அக்கா" என்றார் குல்பாரா. "ராத்திரி பூரா தண்ணி தண்ணின்னு குடிக்குது. நான் ஜாம் ஜாம்னு திட்டறேன்."

"திட்டினதுக்கு ஒரு ஜாம் பாட்டில் எனக்குக் குடுத்துடுங்கம்மா" என்றாள் பெகிமாய். அம்மா அவளைத் தோளில் ஒன்று போட்டார், வலிக்காதபடி.

ஜுமாதில் சிரிக்கவில்லை. "அக்கா, நீங்க பெரிய மனசோட தப்பை ஏத்துக்கிட்டீங்க, சரி. ஆனா நான் சொன்னது சொன்னதுதான். பயந்துட்டேன். இன்னொரு தடவை பயப்பட எனக்கு உடம்புல தெம்பு இல்ல."

அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் நிறுத்திக்கொண்டு, "நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னதுக்குத்தான் இவ்வளவும். அவளே சொல்லட்டும்" என்றாள்.

பெகிமாய் கையை அவிழ்த்தாள். அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் அப்பாவிடம் அழுதுதான் சாதிப்பார்கள்.

"அப்பா, போன கோடையில அத்தை வீட்டுல ஒரு நாள் சர்க்கரை கொறைஞ்சு சமையக்கட்டுலயே விழுந்து கெடந்தேன். அத்தை வேலைக்குப் போயிருந்தாங்க. நானே எந்திரிச்சு ஜூஸ் குடிச்சேன். ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்துச்சு. அது எனக்கு என்ன பண்ணுச்சு?"

யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அண்ணிக்கும்.

"ஏன் சொல்லல?" என்றார் ஜுமாதில்.

"சொன்னா அடுத்த வருஷமும் மலைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டீங்கன்னுதான். இங்க ராத்திரி நான் ரெண்டு தடவை தண்ணி குடிச்சாலே ஒம்பது பேரு எந்திரிச்சு உக்காந்துக்கறாங்க. பக்கத்துக் கூடாரத்துத் தாத்தாகூட 'இன்னைக்கு எவ்வளவு'ன்னு கேக்கறாரு. எனக்கு இங்கதான் பயமில்ல."

ஜுமாதில் கீழே கிடந்த கம்பளியின் ஓரத்தைக் கையில் எடுத்தார். பிறகு மகன்களைப் பார்த்து, "என்னடா கயித்தைச் சுத்திக்கிட்டு நிக்கறீங்க, அவுத்துக் கம்பளியை மேல ஏத்துங்கடா. ராத்திரி பனியில படுக்கறதா உத்தேசமா?" என்றார்.

கூடாரத்தை இறக்குவது சுலபம், ஏற்றுவதுதான் பாடு. விருந்தாளி என்று யாரும் எங்களை உட்காரவைக்கவில்லை. கம்பளியை என் அண்ணன் ஒரு பக்கமும் ஜுமாதில் ஒரு பக்கமும் கழியால் தூக்க, நானும் அண்ணியும் கயிற்றை இழுத்தோம். குல்பாரா, "இழுங்க, இழுங்க, டாக்டருக்குக் கையில பலமில்லியா" என்று விரட்டினார். அண்ணி ஒரு தடவை புல்லில் உட்கார்ந்தே விட்டாள்.

வேலை முடிந்ததும் ஜுமாதில், "சரி, மருந்தை எங்க வைக்கறது, அதைச் சொல்லுங்க" என்றார். யாரிடம் கேட்கிறார் என்று பார்த்தேன். மகளிடம்.

பெகிமாய் ஊற்றுக்குக் கீழே, தண்ணீர் கொஞ்சம் வெயில் பட்டு ஓடிவரும் இடத்துக்குப் போனாள். கையை மணிக்கட்டுவரை முக்கினாள். "அப்பா, நீங்களும் வைங்க. ஒரு கிண்ணம் டீ குடிக்கிற நேரம் கை தாங்கணும். விரல் மரத்துப் போச்சுன்னா மருந்துக்கும் ஆகாது." மந்தையையும் மகன்களையும் அதட்டியே பழகிய மனிதர் மண்டிபோட்டுக் கையை ஓடையில் விட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். அந்த அளவை அண்ணி யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரி அறைக்கு நடுவே ஒரு வாளித் தண்ணீர் வந்தது. அன்றுமுதல் எங்கள் பக்கத்தில் மருந்தின் குளிர்ச்சிக்குக் கைதான் கணக்கு.

அன்று இரவு அங்கேயே தங்கினோம். ஆடு வெட்டினார்கள். மூத்த பெண் விருந்தாளிக்கு உரிய கறித் துண்டை ஜுமாதில் அண்ணியின் தட்டில் வைத்தார். குல்பாரா போர்சோக்கைக் கொட்டினார், ஒன்று ஆட்டுக்குட்டி மாதிரியும் ஒன்று அதன் காது மாதிரியும். பெகிமாய் அதில் ஒரு பெரியதை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, "இது ரெண்டு துண்டுக் கணக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் இறங்கும்போது அண்ணி என் தோளில் இடித்தாள்.

"ஸைரா, கவனிச்சியா? போன்ல அவ என்கிட்ட ஒண்ணுமே கேக்கல. எல்லாம் பண்ணி முடிச்சிட்டு, சொல்ல மட்டும்தான் செஞ்சா."

"கவனிச்சேன்."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனிடமும் அதையே சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டில் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சொன்னாள், வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பெற்றோரிடமும் சொன்னாள். மேஜைமேல் துணி போட்டு மூடி வைத்த மந்தி புளித்து ஒட்டிப்போயிருந்தது. அதை நாய்க்கு எடுத்துப் போகும்போதும் நாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று அண்ணன் சத்தியம் பண்ணுகிறான். அந்தக் கோடை முழுக்க நாங்கள் அதைக் கேட்டோம். எனக்கு ஒரு தடவைகூட அலுக்கவில்லை.